கிராமப் போதகருக்கான பணம் எந்த வழியில் வர வேண்டும்?

ஏழைக் கிராமம் ஒன்றில் ஊழியம் செய்யும் போதகரை எப்படித் தாங்குவது என்ற பேச்சு சபைக்குழுவில் எழும்போதெல்லாம், அது தொகையில் தொடங்கித் தொகையிலேயே முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மாதம் எவ்வளவு கொடுக்கலாம், நம்மால் எவ்வளவு முடியும், போன ஆண்டைவிடக் கூட்டலாமா என்று கேட்டுவிட்டு, ஜெபித்துக் கலைந்துவிடுகிறோம். அந்தத் தொகை யார் கையிலிருந்து வருகிறது, எந்தத் தேதியில் வருகிறது, வாங்கியவர் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளும் விவாதத்துக்கே வருவதில்லை. சில ஆண்டுகள் அப்படிப்பட்ட ஒரு குழுவின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில், தொகையைவிட இந்த மூன்றும்தான் ஊழியத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே வழக்கத்தில் உள்ள ஐந்து வழிகளை இந்தக் கேள்விகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

வழிகளுக்குள் போகுமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பத்துக் குடும்பங்கள் உள்ள சபையில் பத்தும் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை, சரியாகக் கொடுத்தால், அந்தக் குடும்பங்களின் சராசரி வருமானம் எவ்வளவோ அவ்வளவு போதகருக்குக் கிடைத்துவிடும். மேடையில் இதைச் சொல்வது எளிது. நடப்பிலோ, நாற்பது குடும்பங்கள் உள்ள ஒரு சபையில் வீட்டுக்கு வீடு கொடுப்பது சராசரியாக நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டால், மொத்தம் சேர்வது ஒரு குடும்ப வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்குதான். அதிலிருந்து கூரைப் பழுது, விளக்குச் செலவு, மேல்மட்ட அமைப்புக்குச் செலுத்தும் பங்கு ஆகியவற்றைக் கழித்தால் பாதியளவே மிஞ்சும். சபையாரில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள் என்றால், அந்தப் பாதி என்பது ஒரு கூலிக் குடும்பத்தின் பாதி வருமானம். அதை வைத்துக்கொண்டு போதகரின் குடும்பம் மாதத்தை ஓட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் தெரியாத இன்னொரு சிக்கல் உண்டு. வேளாண்மையை நம்பிய ஊரில் காணிக்கை ஆண்டு முழுவதும் ஒரே சீராக விழுவதில்லை. அறுவடை முடிந்த மாதங்களில் பை கனக்கும். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அதில் சில்லறைதான் கிடக்கும். அதே மெலிந்த மாதங்களில்தான் போதகர் வீட்டுக் கதவு அதிகமாகத் தட்டப்படுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மருத்துவமனைக்குப் போக வண்டிக்காசு இல்லை, இரண்டு நாளாக வேலை இல்லை என்று வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்ல அவரால் முடியாது. வரவு குறையும் வேளையில் செலவு கூடுவது வேறு எந்தச் சம்பளக்காரருக்கும் இந்த அளவுக்கு நேராது. குறைந்த தொகையானாலும் மாதந்தோறும் ஒரே தேதியில் வருவது, எப்போதாவது வரும் பெரிய தொகையைவிடப் போதகரின் வீட்டுக்கு அதிக உதவி என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை மொத்தமாக வரும் பணம் பெரும்பாலும் பழைய கடனை அடைப்பதற்கே போய்விடுகிறது.

முதல் வழி, அந்தச் சபையே தன் போதகரைத் தாங்குவது. கொள்கையளவில் இதற்கு நிகரான வழி வேறில்லை. கொடுக்கிறவர்களும் ஊழியத்தைப் பெறுகிறவர்களும் ஒரே மக்கள் என்பதால், போதகர் கணக்குச் சொல்ல வேண்டியது தம் கண்முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கே. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மிஷன் சங்கங்களின் செயலர்களாக இருந்த இங்கிலாந்தின் ஹென்றி வென்னும் அமெரிக்காவின் ரூஃபஸ் ஆண்டர்சனும், ஒரு சபை தன்னைத் தானே தாங்க வேண்டும், தானே ஆள வேண்டும், தானே பரவ வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். சீனாவின் ஷான்டொங் பகுதியில் ஊழியம் செய்த ஜான் நீவியஸ், அந்நியப் பணத்தில் உள்ளூர் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் பழக்கத்தைக் கடுமையாக எதிர்த்தார். சம்பளத்துக்காகச் சேருகிறவர் யார், விசுவாசத்தால் சேருகிறவர் யார் என்று பிரித்தறிய முடியாமல் போகிறது என்பதும், சம்பளமில்லாமல் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தவர்களும் கையை நீட்டத் தொடங்கிவிடுகிறார்கள் என்பதும் அவருடைய வாதம். 1890இல் அவர் சியோலுக்கு வந்து அங்கிருந்த இளம் மிஷனெரிகளோடு பேசிய பிறகு, கொரியாவின் பிரஸ்பிட்டேரியன் மிஷன் அந்த முறையைக் கைக்கொண்டது. கொரியச் சபைகள் ஆரம்பத்திலிருந்தே தம் கட்டடங்களையும் ஊழியர்களையும் தாமே தாங்கப் பழகியதற்கு அது ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

காசு புழங்காத வீடுகளும் இதில் பங்கெடுக்க முடியும் என்பதற்கு மிசோரம் நல்ல சான்று. 1910 முதல் அங்குள்ள பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் உலைக்கு அளந்த அரிசியில் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்துவருகிறார்கள். எந்த வீடும் ‘எங்களிடம் ஒன்றுமில்லை’ என்று ஒதுங்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம்.

ஆனாலும் இந்த வழியை மட்டும் நம்பச் சொல்லுகிறவர்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சபை தன் காலில் நிற்கும்வரை போதகரின் மனைவியும் பிள்ளைகளுமே அந்தக் கொள்கையின் சுமையைச் சுமக்கிறார்கள். மேலும், சபையில் ஒரே ஒரு வசதியான குடும்பம் இருந்து, காணிக்கையில் பாதி அந்த ஒரு வீட்டிலிருந்து வருமானால், போதகர் ஞாயிற்றுக்கிழமை எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதை அந்த வீடு வாய் திறக்காமலேயே தீர்மானித்துவிடும். கொடுத்தால் இரட்டிப்பாகத் திரும்பி வரும் என்று ஏழைகளுக்கு வாக்குக் கொடுக்கும் பிரசங்கமும், பெரும்பாலும் காணிக்கைப் பையை மட்டுமே நம்பிய ஊழியத்தில்தான் முளைக்கிறது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் அடுத்த மாத அரிசிக்கு வழி தெரியாதவரிடம் பிரசங்கத்தில் நிதானத்தை எதிர்பார்ப்பதும் நியாயமாகாது.

இரண்டாவது வழி, தொலைவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ குறிப்பிட்ட போதகரை மாதந்தோறும் தாங்குவது. கொடுப்பவர்களுக்கு மிகவும் பிடித்த வழி இது. ஒரு முகம், ஒரு பெயர், குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைக்க ஒரு குடும்பப் படம் எல்லாம் கிடைத்துவிடுகின்றன. பணமும் வேறு எந்த வழியையும்விட விரைவாக வந்துசேரும். ஐந்து வழிகளில் எனக்கு மிகக் குறைந்த நம்பிக்கை உள்ளதும் இதுதான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் சிக்கல் கணக்குச் சொல்வதில் வருகிறது. போதகர் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுத வேண்டும். அறிக்கையில் எண்ணிக்கை இருக்க வேண்டும், படம் இருக்க வேண்டும். எங்கள் குழுவுக்கு வந்த அறிக்கைகளில் ஒன்றை இன்னும் மறக்கவில்லை. ஆண்டின் நான்கு அறிக்கைகளிலும் அதே பன்னிரண்டு பிள்ளைகள், அதே மரத்தடியில், வேறு வேறு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தார்கள். முன்வரிசையில் நின்ற சிறுமியின் கிழிந்த கைப்பட்டி நான்கிலும் இருந்தது. நாங்கள் அவரைக் குறைசொல்லிப் பேசினோம். பிறகுதான் உறைத்தது, புதிதாக ஒன்றும் நடக்காத மூன்று மாதத்தை அறிக்கையாக எழுதுவதற்கு நாங்கள் இடமே வைக்கவில்லை என்பது. சாகக் கிடந்த கிழவியின் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார்ந்திருந்ததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இரண்டாவது சிக்கல் கிராமத்துக்குள்ளேயே எழுகிறது. வெளிப்பணம் வருவது தெரிந்த மறுமாதமே, ‘அவருக்குத்தான் வெளியிலிருந்து வருகிறதே’ என்ற வார்த்தை சபையில் புறப்பட்டுவிடும். அந்த ஒரு வார்த்தை பல ஆண்டுகளாகப் பழகிய கொடுக்கும் பழக்கத்தைக் கரைத்துவிடக்கூடியது. அடுத்த ஊர்ப் போதகருக்கு ஆதரவாளர் இல்லையென்றால், ஒரே படிப்பு, ஒரே உழைப்பு உள்ள இருவருக்குள் மனக்கசப்பும் சேர்ந்துகொள்கிறது. கொடுத்தவர் இறந்துவிட்டாலோ, வேலை இழந்தாலோ, வேறு ஊழியத்தின்பால் மனம் திரும்பினாலோ, அந்தக் குடும்பத்தின் வருமானம் ஒரே கடிதத்தில் நின்றுவிடும். நாடு கடந்து வரும் பணமானால் நாணய மதிப்பும் சட்டமும் குறுக்கே நிற்கும். உதாரணமாக, இந்தியாவில் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றுவது அறவே தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரு பெரிய அமைப்பு வாங்கிச் சிறு சபைகளுக்குப் பகிர்ந்துவந்த ஏற்பாடுகள் அதோடு நின்றுபோயின.

மூன்றாவது வழி, போதகர் தாமே ஒரு தொழில் செய்து பிழைப்பது. கூடாரம் பண்ணிப் பிழைத்த பவுலை இதற்கு முன்மாதிரியாகச் சொல்வது வழக்கம். ஆனால் பவுலின் கதையை முழுவதும் வாசித்தால் அது அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. கொரிந்துவில் ஆக்கில்லாவோடு தங்கி அவர் கூடாரத் தொழில் செய்தார். மக்கெதோனியாவிலிருந்து சீலாவும் தீமோத்தேயும் வந்த பிறகு பிரசங்க வேலையில் முழுமையாக இறங்கினார். பிலிப்பி ஊர்ச் சபையார் அனுப்பிய உதவியை நன்றியோடு வாங்கிக்கொண்டார். கொரிந்தியரிடமோ, வாங்க உரிமை உண்டு என்று ஓர் அதிகாரம் முழுக்க வாதாடிவிட்டு, வாங்கமாட்டேன் என்றார். உரிமையை நிலைநாட்டிய பிறகு விட்டுக்கொடுப்பது ஒன்று. உரிமையே இல்லையென்று சபை சொல்லிவிட்டுப் போதகரை வேலைக்கு அனுப்புவது முற்றிலும் வேறொன்று. இரண்டாவதற்குப் பவுலைச் சாட்சிக்கு அழைப்பது சரியல்ல.

தொழில் செய்யும் போதகருக்குக் கிடைக்கும் மரியாதை தனியானது. சபையார் படும் பாட்டை அவரும் படுகிறார். பேச்சில் அது தெரியும். எந்தத் தொழில் என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன. பாதியில் கீழே வைத்துவிட்டுப் போகக்கூடிய தொழில் பொருந்தும். தையல், மரவேலை, பழுது பார்த்தல் போன்றவை அந்த வகை. ஊரில் சாவு விழுந்தால் மிஷினை மூடிவிட்டுப் போகலாம். மணி பார்த்து இருக்க வேண்டிய வேலையில் அது முடியாது. சபையிலுள்ள நிலக்காரரிடம் கூலி வாங்கும் வேலை பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் திங்கட்கிழமை முதலாளியாக இருப்பவரை ஞாயிற்றுக்கிழமை கண்டிக்க வேண்டியிருக்கலாம். வட்டிக்குக் கொடுப்பதும் நிலத் தரகும் பற்றி எழுத வேண்டியதே இல்லை. பத்துப் பன்னிரண்டு வீடுகள் மட்டும் உள்ள புதிய சபைக்கு இது நல்ல வழி. மூன்று நான்கு ஊர்களைச் சுற்றி வர வேண்டிய போதகரிடம் இதைக் கேட்பது, ஊழியத்தைப் பாதியாக்கிக்கொள் என்று சொல்வதற்குச் சமம்.

நான்காவது வழி, சபைக்கு நிலமோ முதலோ சேர்த்துவைத்து அதன் வருமானத்தில் போதகரைத் தாங்குவது. இங்கிலாந்தில் 1704இல் ஆனி அரசியின் பெயரில் ஏற்படுத்தப்பட்ட நிதி இதற்குப் பெரிய உதாரணம். எட்டாம் ஹென்றியின் காலத்திலிருந்து குருமாரிடம் அரசு வசூலித்துவந்த வரியை, ஏழைக் குருமாருக்கே திருப்பிவிடுவதுதான் அதன் நோக்கம். ஆண்டுக்குப் பத்துப் பவுண்டுக்கும் குறைந்த வருமானமுள்ள சபைகளுக்குச் சீட்டுப் போட்டு, விழுந்த சபைக்கு இருநூறு பவுண்டு முதலாக ஒதுக்கி, அதை நிலத்தில் முதலீடு செய்தார்கள். வெளியார் ஒருவர் இருநூறு பவுண்டு கொடுக்க முன்வந்தால், சீட்டுக்குக் காத்திராமல் நிதியும் அதற்கு ஈடான இருநூறைச் சேர்த்தது. கொடையாளரின் ஆர்வத்தைத் தனிமனிதர் மேல் விடாமல் நிலையான முதலின் பக்கம் திருப்பிய அந்த ஏற்பாட்டை நான் வியக்கிறேன். ஆனால் இந்த வழி மெதுவானது. இன்று பசித்திருக்கும் வீட்டுக்கு இருபது ஆண்டில் காய்க்கும் மரத்தைக் காட்டுவது போன்றது. அதோடு, சொத்து வந்த இடத்துக்கு வழக்கும் வரும். நிர்வாகத் திறமையும் பத்திரங்களும் ஒழுங்காக இல்லாத சபையில் நிலம் சில தலைமுறைகளில் யாருடையது என்றே தெரியாமல் போகும். போதகரே குத்தகை வசூலிக்கும் நிலை வந்தால், ஊழியக்காரர் என்பது போய் நிலக்காரராகிவிடுவார். ஏற்கெனவே நிலம் உள்ள சபைகள் அதைக் காப்பாற்றட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை முதல் படியாக எடுக்க வேண்டாம்.

ஐந்தாவது வழி, பல சபைகள் சேர்ந்து ஒரு பொது நிதியை வைத்து, அதிலிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சம்பளம் கொடுப்பது. என் வாக்கு இதற்குத்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை விளக்க ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். 1843இல் அங்கே அரசுச் சபையிலிருந்து 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வெளியேறி சுதந்திரச் சபையை உண்டாக்கியபோது, சம்பளம், குருமனை என்னும் போதகர் குடியிருப்பு, ஆலயம் மூன்றையும் ஒரே நாளில் விட்டுவந்தார்கள். அவர்களைத் தாங்குவதற்கு அவர்களின் தலைவரான தாமஸ் சால்மர்ஸ் வகுத்த திட்டம் மிக எளிமையானது. ஒவ்வோர் ஆளும் வாரம் ஒரு பென்னி அளவில் சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். எல்லாச் சபைகளும் சேர்த்ததை மைய நிதிக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சமமான பங்கு போகும். வசதியான நகரச் சபை தன் போதகருக்கு மேற்கொண்டு கொடுக்க விரும்பினால் கொடுத்துக்கொள்ளலாம். இப்படி நகரத்துப் பணம் மலைநாட்டுப் போதகரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் யார் பணம் யாருக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. கொடுத்தவர் உரிமை கொண்டாடவும் வாங்கியவர் கூனிக் குறுகவும் அதில் இடமில்லாமல் போனது.

இதிலும் ஓட்டை இருந்தது. எவ்வளவு அனுப்பினாலும் சமப்பங்கு வரும் என்றால், கொடுக்க முடிந்த சபையும் கையை மூடிக்கொள்ளும். இதைக் கண்ட சால்மர்ஸ், ஒரு சபை அனுப்பும் தொகையோடு அதில் பாதியைச் சேர்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வேறொரு முறையைப் பின்னர் முன்வைத்தார். நான் சொல்லும் நிபந்தனை இதை ஒட்டியதுதான். பொது நிதி எந்தப் போதகருக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகையை நிபந்தனையின்றி உறுதி செய்ய வேண்டும். அதற்கு மேலுள்ள பகுதி, சபை தன் பங்கைக் கூட்டும் அளவுக்குக் கூட வேண்டும். அடிப்படைத் தொகை இருப்பதால் மெலிந்த மாதத்தில் போதகரின் வீடு பட்டினி கிடக்காது. மேற்பகுதி இருப்பதால் ‘வெளியிலிருந்து வருகிறதே’ என்ற வார்த்தைக்கும் வலுவிருக்காது, நாங்கள் கூட்டினால்தான் அவருக்கும் கூடும் என்று சபையாருக்குத் தெரியும். ஐந்து வயலும் ஐம்பது வீடும் உள்ள சபைக்கும், கூலிக்காரர்கள் மட்டுமே உள்ள சபைக்கும் ஒரே பங்கை விதிக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சபையாரின் நிலைமை அறிந்த உள்ளூர் மூப்பர்களோடு உட்கார்ந்துதான் அதை நிர்ணயிக்க முடியும்.

பெரிய அமைப்பைச் சேராத தனிச் சபைகள் இதைப் படித்துவிட்டு, எங்களுக்கு ஏது மைய நிதி என்று கேட்கலாம். அக்கம்பக்கத்து ஐந்தாறு சபைகள் ஒரு கூட்டுக் கணக்கைத் தொடங்கினால் போதும். ஒரு சபையில் விளைச்சல் பொய்த்த ஆண்டில் மற்றொன்று தாங்கும். தொலைவிலுள்ள ஆதரவாளரையும் விட்டுவிட வேண்டியதில்லை. அவருடைய கொடை போதகரின் பெயருக்கு வராமல் இந்தக் கூட்டுக் கணக்குக்கு வரட்டும், அறிக்கையைக் கணக்குக் குழு எழுதட்டும். சிலர் இதைக் கேட்டவுடன் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்களுடைய பணத்தை நம்பி ஒரு குடும்பத்தை நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பொது நிதியின் உண்மையான ஆபத்து நிர்வாகத்தில் இருக்கிறது. மையத்தில் இருப்பவருக்கு வேண்டிய போதகருக்கு முதல் தேதியிலும் வேண்டாதவருக்கு இருபதாம் தேதியிலும் சம்பளம் போகுமானால், இந்த வழி மற்ற எல்லாவற்றையும்விட மோசமானதாகிவிடும். யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியா எருசலேமில் இல்லாத காலத்தில், ஆலயப் பணி செய்யும் லேவியருக்குரிய பங்கு கொடுக்கப்படாமல் போய், அவர்கள் ஊழியத்தை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள். நெகேமியா திரும்பி வந்து செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். மக்களைக் கடிந்துகொண்டதோடு நிற்காமல், ஆசாரியன் ஒருவன், வேதபாரகன் ஒருவன், லேவியன் ஒருவன், அவர்களுக்குத் துணையாக இன்னொருவன் என்று, வேறு வேறு வகுப்பைச் சேர்ந்த நான்கு பேரிடம் பண்டசாலையை ஒப்படைத்தார். பவுலும் யூதேயாவுக்கான தர்மப்பணத்தைத் தனியாகச் சுமந்து போகாமல், சபைகள் தெரிந்தெடுத்தவர்களையும் கூட வைத்துக்கொண்டார். இன்றைய முறையில் சொல்வதானால், காசோலைக்கு இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று சம்பளம் வாங்காதவருடையது. ஆண்டுக்கு ஒருமுறை வெளியார் தணிக்கை. எந்தப் போதகருக்கு எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்ற பட்டியல் எல்லாச் சபைகளுக்கும் அனுப்பப்படுவது. இந்த மூன்றும் இல்லாமல் பொது நிதியைத் தொடங்க வேண்டாம்.

கடைசியாக, மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் குழுக்கள் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிராமப் போதகரின் குடும்பத்தைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் மாதச் செலவுகள் அல்ல. ஓர் அறுவை சிகிச்சை, மூத்த பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், ஓய்வுபெறும் நாள் ஆகிய மூன்றும்தான். முப்பது ஆண்டுகள் குருமனையில் குடியிருந்தவர் ஓய்வுபெறும் ஞாயிற்றுக்கிழமை சால்வையையும் வாழ்த்துமடலையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் வீட்டுச் சாவியைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டு, சாமான் ஏற்றிய வண்டியின் முன்பக்கத்தில் மனைவியோடு உட்கார்ந்து, மகன் வீட்டுக்கா மகள் வீட்டுக்கா என்று அப்போதும் முடிவெடுக்காமல் புறப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சொந்த வீடு கட்டும் அளவுக்கு அவருக்கு என்றும் சம்பளம் இருந்ததில்லை. வீடு கொடுத்திருக்கிறோமே என்று சொல்லித்தான் அந்தச் சம்பளத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள்.

ஆகவே தொலைவிலுள்ள கொடையாளர்களிடம் கேட்பதற்கு மாதச் சம்பளத்தைவிடப் பொருத்தமானவை மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்கால வைப்புத் தொகையுமே. காப்பீட்டுக் கட்டணம் ஆண்டுக்கு ஒருமுறை கட்டுவது. வைப்புத் தொகை ஒருமுறை போட்டால் வளர்வது. இவற்றால் சபையின் கொடுக்கும் பழக்கம் கெடாது, போதகரும் யாருக்கும் படம் எடுத்து அனுப்ப வேண்டியதில்லை. கொடையாளர் ஓராண்டு கொடுக்காமல் விட்டாலும் அந்த மாத அடுப்பு அணையாது. இதைப் புதிய போதகரை நியமிக்கும் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும், அதோடு இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும்: போதகர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் குருமனையில் எத்தனை மாதம் தங்கலாம், அந்த மாதங்களுக்கான சம்பளத்தை எந்தக் கணக்கிலிருந்து யார் கொடுப்பார்கள் என்ற வரி.